பிளாக்மூர் நகரம் வீழ்ந்த கதை

கேள்வி: மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதாபாத்திர விளையாட்டில், ஆட்டத்தை நடத்துபவர் வகுத்த கதைப்படி ஆட்டக்காரர்கள் நடக்காவிட்டால் என்ன செய்வது? – வாசகர் ஒருவர்

பதில்: இந்தச் சிக்கல் புதிதன்று. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதாபாத்திர விளையாட்டு 1974இல் வெளிவருவதற்கு முன்பே, அமெரிக்காவின் மினசோட்டாவில், அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன் நண்பர்களுக்காக நடத்திய 'பிளாக்மூர்' ஆட்டத்தில், நகரைக் காக்க வேண்டியவர்கள் கோட்டைக்கு அடியிலிருந்த நிலவறைகளில் அலைவதிலேயே மூழ்கிவிட, எதிரிகள் நகரைக் கைப்பற்றினர். அந்த ஆட்டங்களைத் திரும்பிப் பார்த்து 1977இல் ஆர்னெசன் வெளியிட்ட நூல், நகரைப் பறிகொடுத்தவர்கள் தொலைவிலிருந்த ஓர் ஏரிப்பகுதிக்கு நாடுகடத்தப்பட்டதையும், ஆட்டம் அங்கே தொடர்ந்ததையும் சொல்கிறது. ஆட்டக்காரர்களின் அலட்சியத்துக்கு உரிய விளைவைத் தந்து, அந்தத் தண்டனையையே புதிய களமாக்கிய இந்த உத்தியை (நிலவறையின் வாயிலை அடைத்துவிடுவது இதைவிட எளிதுதான்) நீங்களும் தயங்காமல் கையாளலாம்.