இலை கூட்டத்தான் இங்கிலாந்து வந்தேனான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். கோயம்புத்தூர்ல பி.எஸ்சி ஹார்ட்டிகல்ச்சர் முடிச்சிட்டு செப்டம்பர்ல இங்க மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கீங்க, வாரத்துல ரெண்டு நாள் காலேஜ் தோட்டத்துல பிராக்டிகல், வந்ததுலேந்து இலை கூட்டுறதும் களை புடுங்குறதும் காஞ்ச செடிய வெட்டுறதும்தான் வேலை, இதுக்கா அப்பா நிலத்த அடமானம் வச்சு அனுப்புனாரு, இதுல கத்துக்க என்ன இருக்கு, குளிர் வேற தாங்கல, வீக்எண்ட்ல பக்கத்து வீடுகள்ல தோட்ட வேலை செஞ்சு கொஞ்சம் சம்பாதிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் தேனி பக்கம், இங்க வந்து 14 வருஷம் ஆச்சு. முதல்ல ஸ்டூடண்ட், அப்புறம் டிரெய்னி, இப்ப கென்ட்ல ஒரு பழைய பெரிய வீட்டுத் தோட்டத்துல கார்டனரா இருக்கேன், வருஷா வருஷம் உங்கள மாதிரி பசங்க எங்ககிட்ட பிராக்டிகலுக்கு வராங்க. அதனால நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க கேட்ட அதே கேள்விய நானும் என் முதல் அக்டோபர்ல கேட்டேன். எங்கப்பா வாழைத்தோட்டத்துல மா மரத்தடியில விழுற சருக கூட்டி அள்ளுறதுக்கு யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்தது கிடையாது, அது வேலையாவே கணக்குல வராது. படிச்ச பிள்ளை கையில ரேக்க குடுத்தா அவமானமாத்தான் இருக்கும். ஆனா நம்ம அங்க படிச்ச படிப்புல ஒரு பெரிய பாகமே இல்லாம இருந்துச்சு தம்பி, அது என்னன்னா செடி தூங்குறது. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில அடைமழை பெஞ்சு எல்லாம் பச்சைபசேல்னு கிளம்பி வரும், இங்க அதே மாசத்துல மரம் மொத்தமும் கடைய சாத்திட்டு உள்ள போயிடுது. டார்மன்ஸின்னு நோட்ஸ்ல ரெண்டு மார்க்குக்கு எழுதியிருப்போம், கண்ணால பாத்திருக்க மாட்டோம். அத கத்துக்க வருஷத்துல இந்த ரெண்டு மூணு மாசம்தான் இருக்கு, அதுவும் கையால செஞ்சாத்தான் புரியும்.

எனக்கு எப்படி புரிஞ்சுதுன்னு சொல்றேன். டிரெய்னியா இருந்த முதல் வருஷம், நவம்பர் மாசம், ஒரு பாத்தி முழுக்க ஹைட்ராஞ்சியா, நீலமும் ரோஸும் கலந்து பெரிய பெரிய உருண்டையா பூக்குமே அந்த ரகம், ஊட்டி கொடைக்கானல்ல வீட்டு வாசல்ல பாத்திருப்பீங்க. பூ எல்லாம் காஞ்சு பிரவுன் பேப்பர் மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. என்னை களை எடுக்கத்தான் விட்டிருந்தாங்க, நான் களையும் எடுத்துட்டு, பாக்க அசிங்கமா இருக்கேன்னு கவாத்து கத்தரிய எடுத்து எல்லா செடியையும் ஒரே மட்டமா முழங்கால் உயரத்துக்கு வெட்டி சுத்தமா கூட்டி அள்ளி வச்சுட்டேன், மனசுக்குள்ள நல்ல பேர் கிடைக்கும்னு நெனப்பு. ஹெட் கார்டனர் வந்து பாத்தாரு, ஒரு நிமிஷம் நின்னாரு, ஒண்ணும் சொல்லல. அடுத்த ஜூலையில என்னை அந்த பாத்திகிட்ட கூட்டிட்டு போனாரு. இலை தழதழன்னு இருக்கு, ஒரு பூ இல்ல. அந்த ரகத்துக்கு அடுத்த வருஷ பூமொட்டு முந்தின கோடை முடியும்போதே கிளை நுனியில உண்டாகிடும், காஞ்ச பூ அதுக்கு மேல குடை மாதிரி நின்னு பனியில கருகாம காப்பாத்துது. மார்ச் கடைசி ஏப்ரல்ல உறைபனி ஓஞ்சதும் அந்த பூவ மட்டும், கீழ முதல் நல்ல ஜோடி மொட்டு வரைக்கும் வெட்டணும். அதே ஹைட்ராஞ்சியாவுல பேனிக்குலேட்டான்னு கூம்பு மாதிரி பூக்குற ஒண்ணு இருக்கு, அது புதுக் கிளையில பூக்குறது, அத வசந்தத்துல தைரியமா நல்லா வெட்டலாம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த புஸ்தகத்துல படிச்சிருந்தேன், ஆனா கத்தரி கையில இருக்கும்போது ஞாபகத்துல வரல. அந்த பூக்காத பாத்தி முன்னாடி நின்னதுக்கு அப்புறம் மறக்கவும் இல்ல.

அதனாலதான் சொல்றேன், இத சுத்தம் பண்ற வேலையா நெனச்சு செஞ்சீங்கன்னா தோட்டத்துக்கு கெடுதல்தான் பண்ணுவீங்க. எத வெட்டணும், எத விடணும், அதுதான் பாடம். பியோனின்னு ஒரு பூச்செடி இருக்கு, அதோட இலைய இப்பவே வெட்டி எடுத்துடணும், இல்லாட்டி வாடல் நோய் பூஞ்சாணம் அதுலயே தங்கிடும். கோன்ஃபிளவர், சீடம் மாதிரி பூச்செடிங்க, புல்லு வகை எல்லாம் அப்படியே நிக்கட்டும், விதைய குருவி திங்கும், குழல் மாதிரி இருக்க தண்டுக்குள்ள பூச்சிங்க குளிர்காலத்த ஓட்டும், பிப்ரவரி கடைசில வெட்டிக்கலாம். முன்னாடி எல்லாம் அக்டோபர்லயே மொட்டையடிச்சு வச்சாத்தான் ஒழுங்கான தோட்டம்னு இங்கயும் நெனச்சாங்க, இப்ப மாறிடுச்சு. அடுத்த தடவ உங்க சூப்பர்வைசர் ஒரு செடிய வெட்ட சொன்னா "ஏன் இத வெட்டுறோம், பக்கத்துல இருக்கத ஏன் விடுறோம்"னு கேளுங்க. கேக்குற ஸ்டூடண்ட இவங்களுக்கு ரொம்ப பிடிக்கும், நம்ம ஊர் மாதிரி எதிர்த்து பேசுறான்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க.

சரி, இலைக்கு வருவோம், உங்களுக்கு அதுலதான கோவம். மரம் இலைய கொட்டுறதுக்கு முன்னாடி அதுல இருக்க தழைச்சத்துல பெரும்பங்க உருவி கிளைக்கும் அடிமரத்துக்கும் வேருக்கும் கொண்டு போய் சேத்து வச்சுக்கும். பச்சையம் உடையறதுனாலதான் ஏற்கனவே உள்ள ஒளிஞ்சிருந்த மஞ்சள் நமக்கு தெரியுது, சிவப்பு மட்டும் அந்த நேரத்துல புதுசா உண்டாகுறது. அப்ப கீழ விழுற சருகுல சத்து ஒண்ணும் பெருசா இல்ல, நம்ம ஊர் ஆவாரந்தழை, கொளுஞ்சித்தழை மாதிரி உரம்னு நெனச்சு போட முடியாது. ஆனா அத தனியா கம்பி வலையில குமிச்சு நனைச்சு விட்டா பூஞ்சாணம் மெதுவா தின்னு ஒரு வருஷத்துல மூடாக்கு போடுற பதத்துக்கு வரும், ரெண்டு வருஷத்துல பொலபொலன்னு கருப்பா விதை விதைக்கிற பதத்துக்கு வந்துடும். தண்ணிய பிடிச்சு வைக்கிறதுல அதுக்கு ஈடு இல்ல. ஓக், பீச், ஹார்ன்பீம் இலை சீக்கிரம் மக்கும், சிக்கமோர், செஸ்ட்நட் லேட் ஆகும், ஹோலி, லாரல் மாதிரி தடிச்ச பச்சை இலைய அதுல போடவே போடாதீங்க. உங்க காலேஜ்ல போன வருஷம் போட்ட குமி எங்கயாவது கண்டிப்பா இருக்கும், போய் கைய விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பாருங்க, முதல் மழை விழுந்த காட்டு மண் வாசனை அடிக்கும். அத கிளறும்போது மட்டும் முள்ளெலி தூங்குதான்னு பாத்துட்டு ஃபோர்க்க குத்துங்க, நவம்பர்லேந்து மார்ச் வரை அதுங்க சருகுக்குள்ளதான் சுருண்டு கிடக்கும்.

இன்னொண்ணு, இலை கூட்டும்போதே மரத்த படிச்சுக்கோங்க. ஐடென்ட் டெஸ்ட் வரும், வரிசையா செடிய வச்சு ஜீனஸ், ஸ்பீஷிஸ், ஃபேமிலி எல்லாம் ஸ்பெல்லிங் தப்பில்லாம லத்தீன்ல எழுத சொல்லுவாங்க. அக்டோபர்ல இலையோட வைப்பாங்க, டிசம்பர்ல வெறும் குச்சிய வச்சுட்டு போயிடுவாங்க. இலை இருக்கும்போதே அந்த கிளையோட மொட்டையும் பாத்து வச்சவன்தான் பாஸ். ஆஷ் மரத்துக்கு கரி மாதிரி கருப்பு மொட்டு, பீச்சுக்கு சுருட்டு மாதிரி நீளமா கூரா இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட் இலை ஒண்ண லேசா தொட்டு பாருங்க, காம்போட கையில வந்துடும். அது விட்டுட்டு போன தழும்ப கிட்ட வச்சு பாத்தா அச்சு அசலா குதிரை லாடம், ஆணி அடிச்ச புள்ளியோட. இலைக்கு தண்ணியும் உணவும் போய்வந்த குழாய்தான் அந்த புள்ளிங்க. அதுக்கு சரியா மேல பிசுபிசுன்னு கோந்து தடவுன மாதிரி ஒரு தடிச்ச மொட்டு, அடுத்த ஏப்ரல்ல விரியப்போற இலை மொத்தமும் அதுக்குள்ள மடிச்சு ரெடியா இருக்கு. முதல் தடவ அத பாத்தப்ப நான் அங்கயே உக்காந்துட்டேன். செத்துப்போன மாதிரி நிக்குது ஆனா சாகல, வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் தூங்கப் போகுது.

மத்ததெல்லாம் வேகமா சொல்றேன். டேலியாவ முதல் உறைபனி அடிச்சு இலை ஒரே ராத்திரியில கருத்தப்புறம்தான் தோண்டணும், அவசரப்படாதீங்க. தண்ட ஒரு சாண் விட்டு வெட்டி, ஒரு அடி தள்ளி ஃபோர்க்க விட்டு நெம்புங்க, பேர் சீட்ட தண்டுலயே கட்டிட்டு ரெண்டு மூணு வாரம் தலைகீழா வச்சு தண்டுக்குள்ள இருக்க தண்ணிய வடிய விடுங்க, ஈரத்தோட பெட்டியில போட்டா அழுகிடும். லானுக்கு, அதான் புல்தரைக்கு, இப்ப யூரியா பக்கமே போகாதீங்க, நம்ம கை பழக்கத்துல அதுக்குத்தான் போகும், இளசா வளந்து பனியில நோய் பிடிச்சுக்கும், இந்த சீசனுக்கு சாம்பல்சத்து கூடுன இலையுதிர்கால உரம், ஆட்டம் (autumn) ஃபீட்னே தனியா இருக்கு. நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் வேர்ல பொட்டு மண்ணு இல்லாம மரக்கன்னு வரும், பேர் ரூட்னு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல யாராச்சும் பாத்தா இது விறகுன்னுதான் சொல்லுவாங்க, ஆனா தூக்கத்துல இருக்கறதால அது நல்லாவே பிடிச்சுக்கும், வேர மட்டும் ஒரு நிமிஷம் கூட காத்துல காய விடாதீங்க.

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு போயிருப்பீங்கள்ல, அந்த தோட்டத்த 1848-லேந்து உருவாக்குன மெக்ஐவர் இங்க லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துல வேலை பாத்துட்டு வந்தவர்தான். விஸ்லி தோட்டம், சர்ரேயில இருக்கறது, 1903-ல ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி கைக்கு வந்துச்சு, நாலே வருஷத்துல, 1907-ல, அங்க ஸ்டூடண்ட்ஸுக்கு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டாங்க. பாத்தியில முட்டி போட்டு படிக்கிறதுதான் இந்த நாட்டுல இந்த தொழிலோட வழக்கம், யாரும் உங்கள தாழ்த்தி வேலை வாங்கல. ஒரு சனிக்கிழமை விஸ்லிக்கோ சஸ்ஸெக்ஸ்ல ஷெஃபீல்ட் பார்க்குக்கோ போய்ட்டு வாங்க, அக்டோபர் கடைசில அந்த ஏரிக்கரை மரங்கள் தண்ணியில விழுற நிறத்த நீங்களே பாக்கணும்.

குளிருக்கு, ஜீன்ஸ் போட்டுட்டு போறத முதல்ல நிறுத்துங்க, நனைஞ்சா நாள் பூரா காயாது. உள்ள தெர்மல், மேல கம்பளி, அதுக்கு மேல வாட்டர்ப்ரூஃப், பேண்டும் வாட்டர்ப்ரூஃப். கம்பளி சாக்ஸ், இரும்பு முனை பூட்ஸ் அரை சைஸ் பெருசா வாங்குங்க. கிளவுஸ் ரெண்டு ஜோடி, ஒண்ணு நனைஞ்சா மாத்த. ஃபிளாஸ்க்ல இஞ்சி டீ. டெட்டனஸ் ஊசி எப்ப போட்டீங்கன்னு பாத்துக்கோங்க, மண்ணுல கைய வைக்கிறவங்களுக்கு அது முக்கியம். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, அப்புறம் நாலரை மணிக்கே இருட்டிடும், டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே. அந்த இருட்டுலதான் அம்மா ஞாபகம் வரும், தீபாவளி வேற அத ஒட்டித்தான் வரும். தோட்ட வேலை இருக்க நாள்ல பகல் வெளிச்சம் முகத்துல படும், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரும், இது நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. வேலை இல்லாத நாள்லயும் மத்தியானம் ஒரு மணி நேரம் வெளிய நடங்க.

வீக்எண்ட் வேலை பத்தி, கவனமா படிங்க தம்பி. உங்க ஸ்டூடண்ட் விசாவுல டெர்ம் டைம்ல வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனா சுயதொழில் கூடாது. பக்கத்து வீட்டு லான வெட்டி கையில காசு வாங்குறது சுயதொழில்லதான் சேரும், நம்மாளுங்க யாராச்சும் "எல்லாரும் பண்றாங்க"ன்னு சொன்னா கேக்காதீங்க, அப்பா அடமானம் வச்ச நிலம் இதுல மாட்டியிருக்கு. அதுக்கு பதிலா கார்டன் சென்டர்ல கேட்டு பாருங்க, நவம்பர் டிசம்பர்ல கிறிஸ்துமஸ் மரம் விக்க ஆள் எடுப்பாங்க, சம்பள ரசீதோட முறையா வரும், செடி பேரும் சேந்து பழகிடும்.

அங்க வேலை கிடைச்சா நவம்பர்ல ட்யூலிப் கிழங்கு மிச்சமானத பாதி விலைக்கு போடுவாங்க, ஒரு பை வாங்கிக்கோங்க. ட்யூலிப்ப நவம்பர்ல நடுறதுதான் நல்லது, குளிர் ஏறுனா மண்ணுல இருக்க ட்யூலிப் ஃபயர் நோய் பூஞ்சாணம் அடங்கும். ஒரு தொட்டியில கிழங்கோட உயரத்துக்கு மூணு மடங்கு ஆழத்துல, கூர் பக்கம் மேல இருக்க மாதிரி வைங்க. ரூமுக்குள்ள கதகதப்பா வச்சிடாதீங்க, ஜன்னலுக்கு வெளிய இருக்கட்டும், பல வாரம் குளிர் பட்டாத்தான் அது பூக்கும். ஏப்ரல்ல பூத்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பாக்கணும்.