ஃபர்னஸ் ஃபில்டர்: பெரிய எண் வாங்கினால் போதுமா?

கேள்வி: ஃபர்னஸுக்கான (வீட்டுக் காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்) ஃபில்டர்களை மெர்வ் 8, 11, 13 என்று அடுக்கி வைத்து விற்கிறார்கள். பெரிய எண்ணாகவே வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஃபில்டர் எந்த அளவுத் துகளை எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதற்கு ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் வகுத்த அளவுகோல்தான் மெர்வ். 3 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்களில் 70 சதவீதத்தையாவது பிடித்தால் அது மெர்வ் 8. பூஞ்சை வித்துகள் பலவும் இந்த வகைதான். மெர்வ் 13 அதே அளவுத் துகள்களில் 90 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். அதோடு 0.3 முதல் 1 மைக்ரான் வரையிலான நுண்துகளில், அதாவது புகை போன்றவற்றில், பாதியையாவது பிடிக்க வேண்டும். மெர்வ் 8-க்கு இந்த நிபந்தனையே கிடையாது.

அப்படியானால் 13 தானே நல்லது? துகளுக்கு நல்லது, ஃபர்னஸுக்கு எப்போதும் அப்படியில்லை. இழை நெருங்க நெருங்கக் காற்று இழுக்க ப்ளோயர், அதாவது ஃபர்னஸின் ஃபேன், திணறும். காற்று குறைந்தால், நெருப்பின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகும். உடனே லிமிட் ஸ்விட்ச் என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் பர்னரை அணைத்துவிடும். சூடு தணிந்ததும் பற்றும், மறுபடி அணையும். வீடு சூடாகவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து ஃபில்டரை உருவினால் கோளாறு தீர்ந்துவிடும். அதே குழாயில் ஏசியும் ஓடினால் கோடையில் ஏசியின் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) பனிக்கட்டி பிடிக்கும்.

1 அங்குலத் தடிமன் ஃபில்டர்தான் நுழையும் என்றால் 8 போதும். வீட்டில் அலர்ஜி உள்ளவர் இருந்தால் 11. 13 போட விரும்பினால் முதலில் ஃபர்னஸின் கையேட்டைப் பாருங்கள், அல்லது மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்டாடிக் பிரஷரை (காற்றோட்டத்துக்கு எவ்வளவு தடை என்று காட்டும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டியில் எம்பிஆர் 1500, எஃப்பிஆர் 7 என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

பதில்: முதலாவது 3எம் நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, இரண்டாவது ஹோம் டிப்போவுடையது. பெட்டியில் மெர்வ் எண்ணும் இருக்கிறதா என்று தேடி, அதை வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: 16×25×1 அங்குல ஃபில்டர் வாங்கினேன். அளந்தால் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் குறைகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. முன்பக்கம் இருப்பது பெயரளவு. உண்மையான அளவு பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். எளிதாக நுழைய வேண்டும் என்று சற்றுக் குறைத்தே செய்வார்கள். ஆனால் இடைவெளி பெரிதாக இருந்தால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பழைய ஃபில்டரை உருவிச் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே தூசி கறுப்புக் கோடாகப் படிந்திருந்தால் காற்று அந்த வழியாகத்தான் கசிகிறது. இடுக்கில் ஃபோம் பட்டை ஒட்டினால் சரியாகிவிடும். கசிகிற 13-ஐவிடக் கச்சிதமாக உட்காரும் 8 மேல் என்பேன்.

கேள்வி: அம்புக்குறி எந்தப் பக்கம்?

பதில்: ஃபர்னஸைப் பார்த்து.

கேள்வி: மூன்று மாதம் வரும் என்று போட்டிருக்கிறது, ஒரே மாதத்தில் கறுத்துவிடுகிறது. வேக்குவம் செய்து திரும்பப் போடலாமா?

பதில்: வேண்டாம். மடிப்பு ஃபில்டர்கள் பலவற்றில் இழைக்கு மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். நுண்துகளைப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உறிஞ்சினாலும் கழுவினாலும் அது திரும்ப வராது, மடிப்புதான் கிழியும். நாய், பூனை இருந்தால், அல்லது வீட்டில் சுவர் தேய்க்கும் வேலை நடந்தால் ஒரு மாதத்தில் கறுப்பது இயல்புதான். அட்டையில் போட்ட காலக்கெடு ஓர் உத்தேசம். மாதம் ஒருமுறை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கழுவிப் போடும் வகையைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் மெர்வ் குறைவு, நன்றாகக் காயாமல் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: காட்டுத்தீப் புகை வரும்போது என்ன செய்வது? ஹெப்பா என்ற மிக நுண்ணிய ஃபில்டர் போடலாமா?

பதில்: ஹெப்பா 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும்; ஆனால் அதன் தடையைச் சாதாரண ஃபர்னஸ் தாங்காது. படுக்கையறையில் தனி ஏர் பியூரிஃபையர் வைப்பதே மேல். ஃபர்னஸ் ஏற்றுக்கொள்ளுமானால் மெர்வ் 13 போட்டு, தெர்மோஸ்டாட்டில் ஃபேனை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்'-க்கு மாற்றுங்கள். ஃபேன் ஓடாத நேரத்தில் ஃபில்டர் எதையும் வடிகட்டாது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். புகை நாற்றம் வாயு சமாச்சாரம், அதற்குக் கரி சேர்த்த ஃபில்டர் வேண்டும்.

கேள்வி: 1 அங்குலத்தை 4 அங்குலமாக மாற்ற முடியுமா?

பதில்: முடியும், என்னைக் கேட்டால் செலவு செய்யத் தகுந்த இடமே அதுதான். மடிப்பு ஆழமானால் பரப்பு கூடும். அதே மெர்வ் எண்ணில் தடை குறையும், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். வீட்டுக் காற்றை ஃபர்னஸுக்குத் திரும்பக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயை வெட்டி அகலமான பெட்டி பொருத்த வேண்டும், அது தகரவேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்டாடிக் பிரஷரை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.