வருத்தமே இல்லாமல் வரும் கண்ணீர்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 40 வருடமாகப் பால்வெட்டுத் தொழில். யார் செத்தாலும் கண் கலங்காத மனிதர், இரண்டு மாதமாக எதற்கெடுத்தாலும் அழுகிறார். டிவி விளம்பரத்துக்குக்கூட அழுகை. கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல மக்ளே, தானா வருது" என்கிறார். போன வாரம் ஒரு துஷ்டி (சாவு) வீட்டில் சிரித்துவிட்டார். ஊரே பேசுகிறது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். அழும்போது மூக்கு ஒழுகுகிறது, தொண்டை அடைக்கிறது. டீ குடித்தால் இருமுகிறார். வெட்டும்போது மரத்தில் காயம் விழுகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். ஓணத்துக்கு முன்பு ஒரு நாள் வாய் கோணிப் பேச்சு குழறியது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டதால் வாயு என்று தைலம் தடவினோம். அப்புறம் பிரஷர் மாத்திரை வேண்டாம் என்று அவரே நிறுத்திவிட்டார். நெட்டில் தேடினால் மூளைக்கட்டி, மனச்சிதைவு என்று வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையில் பாதியை ஐந்து நாளாகக் கொடுக்கிறேன். இவ்வளவு அழுதால் கண் போய்விடுமா டாக்டர்?

பதில்: உங்கள் அப்பாவுக்குப் பைத்தியம் இல்லை. நீங்கள் எழுதத் தயங்கிய வார்த்தை அதுதான், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணும் போகாது. இமையின் உள் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாக மூக்குக்குள் இறங்கும். அழுகிற எல்லாருக்கும் மூக்கு ஒழுகுவது அதனால்தான். அழும்போது தொண்டையில் உருண்டை மாதிரி அடைப்பதும் எல்லாருக்கும் வருவதுதான். இதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை என்னை மறுபடி படிக்க வைத்தது அப்பா சொன்ன ஒரே வார்த்தை: "தானா வருது." நாற்பது வருடம் மரத்தோடு பேசிப் பழகிய மனிதர் தன் நோயை எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்!

மனிதன் அழுவது ஏன் என்று கொஞ்சம் சொன்னால் இது விளங்கும். கண்ணில் எப்போதும் ஒரு ஈரம் இருக்கிறது, அது கண் காயாமல் இருக்க. வெங்காயம் நறுக்கினால் வருவது கண்ணைக் கழுவ. மூன்றாவது, மனசு நிறைந்தாலோ உடைந்தாலோ வருகிற கண்ணீர். மிருகங்களுக்கும் கண்ணில் நீர் வடியும். ஆனால் துக்கத்துக்குக் கண்ணீர் விடுவது மனிதனுக்கே உரியது என்றுதான் இதுவரையான அறிவியல் சொல்கிறது. பிறந்த குழந்தை வீறிட்டு அழும், முதல் சில வாரங்களுக்குக் கன்னத்தில் கண்ணீர் உருளாது. சத்தம் முதலில் வருகிறது, கண்ணீர் பின்னால் வருகிறது. சத்தம் தூரத்தில் இருப்பவரையும் கூப்பிடும். கண்ணீரோ பக்கத்தில் வந்து முகம் பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அழுகிற முகங்களின் படத்தில் கண்ணீரை மட்டும் அழித்துவிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கு அந்த முகங்களில் சோகம் குறைவாகத் தெரிந்தது, சில முகங்களில் என்ன உணர்ச்சி என்றே பிடிபடவில்லை. "எனக்குத் துணை வேண்டும்" என்று வாய் சொல்ல முடியாத நேரத்தில் கண் சொல்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு நம் கடற்கரை ஊர்களில் வாய்விட்டு அழுத ஆண்களை இந்தக் குமரி மாவட்டமே பார்த்தது. அது நோய் இல்லை. அழாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அப்படியென்றால் கண்ணீர் வழியாக உடம்பின் விஷம் வெளியேறுகிறது என்று வருகிற வீடியோக்கள்? நம்பாதீர்கள். உணர்ச்சியில் வரும் கண்ணீரில் வெங்காயக் கண்ணீரைவிடப் புரதம் கொஞ்சம் அதிகம் என்று 1980களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. அதைத்தான் இழுத்து நீட்டி விஷம் என்று ஆக்கிவிட்டார்கள். உடம்பைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. நாலு சொட்டுக் கண்ணீரால் ஆகிற வேலை இல்லை அது.

சரி, அப்பாவிடம் வருவோம். அழுகைக்கான இயந்திரம், அதாவது முகம் சுருங்குவது, மூச்சு விம்முவது, கண்ணீர் சுரப்பது எல்லாம், மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வது மேல் மூளை. மேலிருந்து கீழே வருகிற நரம்புப் பாதையில் ரத்த ஓட்டம் அடைபட்டால் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். பேச்சிப்பாறை அணையில் மதகு பழுதானால் மழையே இல்லாத நாளிலும் கால்வாயில் தண்ணீர் ஓடும் இல்லையா, அது மாதிரி. மனசில் வருத்தம் இருக்காது, முகம் அழும். மனசில் சந்தோஷம் இருக்காது, வாய் சிரிக்கும். துஷ்டி வீட்டில் நடந்தது அதுதான். வந்த வேகத்தில் சில நிமிடங்களில் அடங்கியும் விடும். மனச்சோர்வில் வருகிற அழுகை இப்படி இருக்காது. அதில் துக்கம் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும், சாப்பாடும் தூக்கமும் கெடும்.

ஓணத்துக்கு முன்பு வந்தது வாயு இல்லை. பக்கவாதத்தின் முதல் தட்டு அது என்றே நினைக்கிறேன். மரத்தில் விழும் காயத்தைப் பாருங்கள். பட்டைக்கும் தடிக்கும் நடுவே மயிரிழை அளவு விட்டு, தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில், விடியும் முன் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிச் சிரட்டை வைக்கிற கை அது. அந்தக் கை தடியைத் தொடுகிறது என்றால் வயசாகிவிட்டது என்று சொல்லி நான் விடமாட்டேன். டீக்கு வரும் இருமலும் இதே கணக்குதான். தண்ணியான பொருளை விழுங்க நேரம் சரியாக அமைய வேண்டும். அது தவறினால் டீ நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரலாம். கட்டியான கஞ்சிக்கு இருமல் வருகிறதா என்று இன்று இரவே கவனியுங்கள். எதைக் கொடுத்தாலும் நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்ன மடக்காகக் கொடுங்கள்.

இந்த நிலைமையில் இருப்பவருக்குத் தூக்க மாத்திரையா? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அக்காவுக்கு எழுதிய மருந்து அக்காவுக்கு. விழுங்குவதில் தடுமாறுகிறவருக்கு அது விழுங்குதலை இன்னும் மந்தமாக்கும், ராத்திரி எழுந்தால் விழ வைக்கும். ஐந்து நாள்தான் என்பதால் இன்றே நிறுத்துங்கள். (மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.) ஆஸ்பிரினும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. பிரஷர் மாத்திரையை நிறுத்தியதுதான் இதில் பெரிய தப்பு. பிரஷர் கட்டுக்குள் இருந்ததே அந்த மாத்திரையால்தான்.

இதற்கு வைத்தியம் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுத்தாலே இந்த அழுகையும் சிரிப்பும் பலருக்கு நன்றாகக் கட்டுப்படும். எது, எவ்வளவு என்பதை நேரில் பார்க்கிற டாக்டர் முடிவு செய்வார். அதுவரை அழுகை வந்தால் "ஏம்ப்பா அழுற?" என்று சுற்றி நிற்காதீர்கள், அது கூட்டும். பேச்சை மாற்றுங்கள், எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள், மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம், "அப்பாவுக்கு நரம்பில் ஒரு தொந்தரவு, அழுதால் தப்பாக நினைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாய் மறுபடி கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ தைலத்தைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள், மணியைக் குறித்து வையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும்.

இப்போது எதுவும் புதிதாக இல்லை என்றாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். வாய் கோணியது, கை தவறுவது, டீக்கு இருமுவது, துஷ்டி வீட்டில் சிரித்தது, இவற்றை ஒரு தாளில் எழுதி, பழைய மாத்திரைச் சீட்டோடும் தூக்க மாத்திரை அட்டையோடும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வெட்டு கிடக்கட்டும். அப்பாவை அழைத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸிலேயே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் புறப்படுங்கள்.