மூலதனமும் அதன் மதிப்பெண்ணும்

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் ஊரில் வளைகுடாப் பணம் வராத வீடுகள் குறைவு. ஆனால் நாடுகளுக்கிடையே மூலதனம் எவ்வளவு தடையின்றிச் செல்கிறது என்பதை அளக்கும் சின்–இட்டோ குறியீட்டில் இந்தியாவுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே தரப்பட்டிருப்பதாக வாசித்தேன். நாங்கள் காண்பதற்கும் அதற்கும் ஏன் இந்த முரண்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முரணில் பெரும்பகுதி கணக்கு வைக்கும் முறையால் வருவது. குவைத்திலிருந்து மகன் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணத்தை யாரும் திருப்பித் தரவேண்டியதில்லை. ஆகவே அது நாட்டின் வெளிநாட்டு வரவுசெலவில் நடப்புக் கணக்கு எனும் பகுதியில் சேரும். அதே மகன் நாகர்கோவில் வங்கியில் என்ஆர்இ வைப்பு (வெளிநாடுவாழ் இந்தியர் தம் வெளிநாட்டு வருமானத்தை ரூபாயில் வைப்பது) தொடங்கினால் அது வங்கி அவருக்குத் திருப்பித் தரவேண்டிய கடன், எனவே மூலதனக் கணக்கில் சேரும் வரவு. இந்தியா 1994-இல் முழுமையாகத் திறந்தது நடப்புக் கணக்கை மட்டுமே.

மென்சி சின், ஹிரோ இட்டோ இருவரின் குறியீடு பணத்தைப் பின்தொடர்வதில்லை, சட்டத்தைப் படிக்கிறது. பன்னாட்டு நிதியத்தின் ஆண்டறிக்கையிலிருந்து நான்கு செய்திகளை எடுத்துக்கொள்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட செலாவணி விகிதங்கள், நடப்புக் கணக்குத் தடை, மூலதனக் கணக்குத் தடை, ஏற்றுமதியாளர் தம் அன்னியச் செலாவணியை ஒப்படைக்கும் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை என்பதே பதில். இங்கே வசிப்பவர் ஆண்டுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகை 2004-இல் 25,000 டாலராக இருந்தது. 2013-இல் ரூபாய் சரிந்தபோது 2,00,000-இலிருந்து 75,000-ஆகக் குறைக்கப்பட்டு, பின்னர் 2,50,000-ஆக உயர்ந்தது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும், தடை உண்டா என்ற கேள்விக்குப் பதில் 'உண்டு' என்பதாகவே இருக்கும்.

உங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் நாகர்கோவிலில் வீடு வாங்கலாம். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசுரிமையாகப் பெறலாம். என்ஆர்இ வைப்பை வட்டியோடு வெளியே கொண்டுசெல்லத் தடையில்லை. அவர்களின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கிலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர்தான். ஆளுக்கும் சொத்துக்கும் திசைக்கும் ஏற்ப மாறும் இந்த விதிகளை ஓர் எண்ணில் அடைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

சட்டத்தை விட்டு விளைவை அளந்தவர்களும் உண்டு. 1980-இல் பொருளியலாளர்கள் ஃபெல்ட்ஸ்டைனும் ஹொரியோகாவும் பதினாறு வளர்ந்த நாடுகளை ஆராய்ந்தபோது, மூலதனம் தடையின்றி அலைந்தால் உள்நாட்டுச் சேமிப்பும் முதலீடும் ஒட்டி நகர வேண்டியதில்லை என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, இரண்டும் நெருக்கமாக ஒட்டியே இருந்தன. அது இன்றும் விவாதத்தில் இருக்கும் புதிர்.

நான் அதிகம் மதிப்பது விலை வேறுபாட்டை. சிங்கப்பூரிலும் லண்டனிலும் ரூபாயைக் கைமாற்றாமல், லாபநட்டத்தை டாலரில் மட்டும் தீர்க்கும் முன்பேர ஒப்பந்தங்கள் (பின்னொரு நாளுக்கான ரூபாய் விலையை இன்றே உறுதிசெய்பவை) நடக்கின்றன. மூலதனம் தங்குதடையின்றிக் கடக்குமானால், மும்பையின் முன்பேர விலைக்கும் அவற்றுக்கும் உள்ள இடைவெளியை வணிகர்களே லாபத்துக்காக மூடிவிடுவார்கள். மூடப்படாமல் நிற்கும் இடைவெளி கட்டுப்பாட்டின் வலிமையைக் காட்டுகிறது. நெருக்கடிக் காலத்தில் மட்டும் அதில் வங்கிகள் ஒன்றையொன்று நம்பாத அச்சமும் கலந்துவிடும் என்பதால், அத்தகைய மாதங்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.