கூரைக்குக் கீழே ட்ரோன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருமண வீடியோ எடுப்பது என் தொழில். ஆற்றங்கரையிலும் வயல்வெளியிலும் அசையாமல் நிற்கும் என் சிறிய ட்ரோன், மண்டபத்துக்குள் பறக்கவிட்டால் ஒரு பக்கமாக நழுவுகிறது. ஒருமுறை தானாகவே மேலே ஏறிக் கூரையில் இடித்துவிட்டது. ட்ரோனில் கோளாறா, எனக்குப் பழக்கம் போதவில்லையா?
வாசகர், கும்பகோணம்

பதில்: ட்ரோனில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, உங்கள் பழக்கத்தையும் குறை சொல்வதற்கில்லை. வெட்டவெளியில் ட்ரோன் ஓரிடத்தில் நிற்பதற்கு ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையே முதல் துணை. கான்கிரீட் கூரைக்குக் கீழே அந்தச் சமிக்ஞை போதிய அளவு கிடைப்பதில்லை. அப்போது ட்ரோன் தன் வயிற்றுப் பகுதியில் உள்ள சிறிய கேமராவால் தரையைப் பார்த்து, அங்குள்ள புள்ளிகளும் கோடுகளும் நகர்கின்றனவா என்று கணித்துத் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. நம் மண்டபங்களின் தரையோ பளபளக்கும் கிரானைட் அல்லது ஒரே நிறத்து டைல்ஸ். மேலே தொங்கும் சரவிளக்கு அதில் பிரதிபலித்தாலும், கீழே ஆட்கள் நடமாடினாலும், விளக்குகள் பாதி அணைந்திருந்தாலும் அந்தக் கேமரா ஏமாந்துவிடும். நீங்கள் காணும் நழுவல் இதனால் வருவதுதான். எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, வெவ்வேறு வடிவங்கள் உள்ள விரிப்பின் மேலிருந்து கிளப்பிப் பாருங்கள், பெருமளவு சரியாகும். ஒரே மாதிரிக் கோடுகள் ஓடும் ஜமுக்காளம் இதற்கு உதவாது. மேடையின் இரும்புச் சட்டத்துக்கு அருகிலிருந்தும் கிளப்பாதீர்கள், திசைகாட்டி தடுமாறும்.

மேலே ஏறி இடித்ததற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். மண்டப வாசலில் திறந்த வானத்தின் கீழ் ட்ரோனை இயக்கி, அங்கே அது புறப்பட்ட இடத்தைப் பதிவு செய்துகொண்ட பிறகு உள்ளே ஓட்டி வந்திருந்தால், ரிமோட்டின் தொடர்பு அறுந்த நொடியில் அது புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதற்காக முன்பே குறித்து வைத்த உயரத்துக்கு ஏற முயலும். இடையில் கூரை இருப்பதை, மேல்நோக்கிய உணரிகள் இல்லாத மாடல்கள் அறியமாட்டா. ஆகவே உள்ளே பறக்கும் நாளில், தொடர்பு அறுந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று அமைப்பை மாற்றிவிடுங்கள். மற்றது காற்றின் வேலை. இறக்கைகள் மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளுகின்றன. கூரை மிக அருகில் வந்துவிட்டால் மேலே அழுத்தம் குறைந்து, ட்ரோன் கூரையை நோக்கி உறிஞ்சப்படும். பந்தலின் துணிக்கூரை இன்னும் ஆபத்தானது; துணியே தொய்ந்து வந்து இறக்கையில் சிக்கிக்கொள்ளும். கூரையிலிருந்து ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முகூர்த்த நேரத்தில் மணவறைக்கு மேல் ட்ரோன் வேண்டாம். அது கீழே தள்ளும் காற்று குத்துவிளக்கை அணைக்கும். ஓமகுண்டத்துச் சாம்பலையும் தீப்பொறியையும் பட்டுப்புடவைகளின் மேல் கொண்டுபோய்ப் போடும். கெட்டிமேளம் கொட்டும்போது நூறு கைகளிலிருந்து வரும் அட்சதை இறக்கைகளில் பட்டுத் தெறிக்கும். நாகஸ்வரத்துக்கு நடுவே அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் காட்சியை, கிரேன் போலக் கேமராவைத் தூக்கிப் பிடிக்கும் ஜிம்மி ஜிப்பும், நீண்ட கம்பத்தின் நுனியில் பொருத்திய சிறு கேமராவும் இதைவிட நன்றாகவே எடுத்துத் தரும். கூட்டம் வருவதற்கு முன், வாசலின் வாழைமரத்தில் தொடங்கி அலங்கரித்த மணவறை வரை ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டுமானால், அதற்கு ட்ரோன் உண்மையிலேயே தகுந்த கருவி.

கேள்வி: எங்கள் அக்ரகாரத்து வீட்டைப் பழமை மாறாமல் புதுப்பித்திருக்கிறோம். திண்ணையில் தொடங்கிக் கொல்லை வரை வெட்டே இல்லாமல் ஒரே காட்சியாக எடுக்க ஆசை. முடியுமா?
வாசகி, மயிலாடுதுறை

பதில்: நிச்சயம் முடியும் அம்மா. இப்படிப்பட்ட வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சிமுறை எனக்குத் தெரியவில்லை. ரேழியின் இருட்டைக் கடந்து முற்றத்தின் வெளிச்சத்தில் வந்து நிற்கும் அனுபவத்தைத் தனித்தனிக் காட்சிகளாக வெட்டி ஒட்டினால் அது போய்விடும். 2021-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு பௌலிங் விடுதிக்குள் ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்ட ட்ரோன் காட்சி உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதன் பிறகுதான் இந்த முறை பரவலாக அறியப்பட்டது. அந்தக் காட்சியில் கேட்கும் ஒலிகள் பிறகு சேர்க்கப்பட்டவை. ட்ரோனின் இரைச்சலுக்கு நடுவே வேறு எதையும் பதிவு செய்ய இயலாது. உங்கள் வீட்டின் ஊஞ்சல் சத்தம், கிணற்று ராட்டினத்தின் சத்தம் ஆகியவற்றை வேறொரு நாளில் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எஃப்பிவி வகை ட்ரோன் வேண்டும். அதை இயக்குபவர் கண்ணில் மாட்டிய திரையில் ட்ரோன் பார்ப்பதையே தானும் பார்த்து ஓட்டுவார். இறக்கைகளைச் சுற்றி வளையம் போட்ட, ஒரு சாண் அகலமே உள்ளவை கிடைக்கின்றன. திரை மாட்டியவருக்குச் சுற்றி நடப்பது தெரியாது என்பதால், பக்கத்தில் இன்னொருவர் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கற்றுக்குட்டியிடம் கொடுக்காதீர்கள், கணினியில் ஓட்டிப் பழகி, பிறகு வெளியிலும் பலமுறை பறந்தவராகப் பாருங்கள்.

முதல் நாளே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அதே வழியில் நடந்து பாருங்கள். ஊஞ்சல் சங்கிலியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள், துணிக்கொடியை அவிழ்த்துவிடுங்கள். மெல்லிய கம்பியும் கயிறும் ட்ரோனின் உணரிகளுக்கு அநேகமாகத் தெரிவதில்லை. முற்றத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வானம் தெரிந்தவுடன் ஜிபிஎஸ் சமிக்ஞை திரும்பக் கிடைத்து, சில ட்ரோன்களின் நடத்தை அந்த இடத்தில் மாறலாம். இயக்குபவர் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

வெளிச்சம்தான் பெரிய வேலை. உச்சிவெயிலில் எடுத்தால், கூடம் சரியாகத் தெரியும்போது முற்றம் வெள்ளைத்தாளாக வெளிறிவிடும். விடிந்து சற்று நேரத்துக்குள்ளோ, மேகமூட்டமான நாளிலோ எடுங்கள். வெளிச்ச அளவையும், படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையையும் தானியங்கியில் விடாமல் கையால் பூட்டிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாசல்நிலையைத் தாண்டும்போதும் படம் மூச்சு வாங்குவதுபோல் இருண்டு வெளுக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். நொடிக்கு 25 ஃபிரேம்கள், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் அந்த மினுக்கல் படத்தில் தெரியாது; 50 ஃபிரேம்கள் என்றால் 1/100 வையுங்கள்.

கேள்வி: ட்ரோன் 249 கிராம்தான், பறப்பதும் கட்டடத்துக்குள்தான். உரிமம் எதற்கு?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளது நானோ வகை, அதற்கு ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அதைத் தொழிலுக்காக இயக்கினால் சான்றிதழ் கட்டாயம். இந்த எடை, ட்ரோன் சுமந்து செல்லும் எல்லாவற்றையும் சேர்த்தது. உள்ளே பறப்பதற்காக இறக்கைக் காப்பைப் பொருத்திய உடனே உங்கள் 249 கிராம் எல்லையைத் தாண்டிவிடும் என்பதைக் கவனியுங்கள். சான்றிதழ் வேண்டாம் என்பதால் ட்ரோனைப் பதிவு செய்யவும் வேண்டாம் என்று ஆகாது. தஞ்சையில் விமானப்படைத் தளம் இருப்பதால், மண்டபத்தின் வெளித்தோற்றத்தை எடுக்கும் முன் எங்கே பறக்கலாம் என்பதை நிறங்களால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். பெரிய கோயிலும் தாராசுரமும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே மண்டபத்துக்குள்தானே என்று எண்ணாமல், எழுத்துப்பூர்வ அனுமதி கிடைத்த பிறகே ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

கேள்வி: சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடம் பற்றிய ஆவணப்படம் எடுக்கிறோம். உலோகம் உருக்கி வார்க்கும் காட்சியை மேலிருந்து ட்ரோனில் எடுக்கலாமா?
வாசகர், சுவாமிமலை

பதில்: வேண்டாம். உலையின் மேல் எழும் வெப்பக்காற்றில் ட்ரோன் நிலையாக நிற்காது; அதன் காற்றோ கரித்தூளையும் சாம்பலையும் கிளப்பி, உருகிய உலோகத்தைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருப்பவரின் கண்ணில் போடும். அந்த நொடியில் அவருடைய கை அசைந்தால் என்ன நேரும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ட்ரோனின் லித்தியம் பாலிமர் பேட்டரிகளையும் உலைக்கு அருகில் வைக்கக்கூடாது. சிலைக்கு முன்மாதிரியாகத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த மெழுகுரு மென்மையானது. அதன்மேல் தூசி படிந்தால், காவிரி வண்டல் மண்ணைப் பூசும் முன் சிற்பி அதை மறுபடி துடைத்தெடுக்க வேண்டிவரும். முக்காலியில் நிறுத்திய நெடுந்தொலைவு லென்ஸ், கூரைச் சட்டத்தில் முந்தைய நாளே இறுகக் கட்டிய சிறு கேமரா ஆகிய இரண்டும் போதும். செதுக்கி மெருகிடும் கூடத்தில், வேலை முடிந்து சிற்பிகள் எழுந்த பிறகு, வரிசையாக நிற்கும் படிமங்களுக்கு இடையே மெதுவாக ஒருமுறை பறக்கலாம். அதற்கும் கூடத்துக்காரரிடம் ட்ரோன் எழுப்பும் காற்றை முதலில் காட்டி, அவர் சரி என்ற பிறகே பறக்கவிடுங்கள்.