கிணறு சவராகிறது, ஆழமாகத் துளைக்கலாமா?

கேள்வி: அச்சுவேலிப் பக்கம் எங்கள் தோட்டக் கிணறு ஆவணி, புரட்டாதியில் சவராகிறது, தண்ணீர் உப்புக் கரிக்கிறது. 100 அடிக்குக் குழாய்க்கிணறு அடித்தால் நிலாவரைக் கிணற்றின் ஊற்றே கிடைக்கும் என்கிறார் துளை போடுபவர். நம்பலாமா?

நம்பாதீர்கள். காசும் போகும், கிணறும் போகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் எங்கள் முதல். அது மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, வெடிப்பும் பொந்துமாக வழி பிடித்துக் கடலை நோக்கிப் போகிறது. வழி கரையில் திறந்தால் ஊற்று, கீரிமலை அதுதான். மேற்கூரை இடிந்து விழுந்த பொந்து நிலாவரை. அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்ததாம்! இந்தக் கதையைச் சொல்லித்தான் ‘ஊற்றுக்கண்’ விற்கிறார்கள். வெடிப்பு இருப்பது உண்மை. அது உங்கள் வளவுக்குக் கீழே எங்கே ஓடுகிறது என்று தேங்காயை உருட்டிப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

மறைக்கப்படும் விஷயம் வேறு. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிதான் நல்ல தண்ணீர். கோடையில் இறைத்து இறைத்து அந்த 1 அடியும் குறைந்தால் உப்பு மேலே ஏறும். நிலாவரையிலேயே மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. 100 அடித் துளை எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்கள். பிறகு கைவிட்டாலும் அந்தத் துளை உப்பு ஏறும் வழியாகவே கிடக்கும். பக்கத்து வளவுக்காரரும் மாட்டுவார்.

ஒரேயொரு விலக்கு. கோடையில் கிணறு வற்றுகிறது, ஆனால் அடியில் கிடக்கும் கடைசி வாளிகூடச் சவரில்லை என்றால், ஓரிரு அடி தோண்டலாம். வற்றுவது வேறு, சவராவது வேறு, கலக்காதீர்கள். தோண்டும் முன், புரட்டாதியில், இறைத்து முடித்த கையோடு அடித்தண்ணீரை எடுத்து உப்பைச் சோதியுங்கள். மாரியில் எடுத்த மாதிரி பயனில்லை. மேல்தண்ணீரும் பயனில்லை. துளை போடுபவர் எடுத்துக் கொடுத்த போத்தல் அதைவிடப் பயனில்லை. உங்கள் கிணறோ சவராகிறது, ஆகவே இந்த விலக்கு உங்களுக்கில்லை.

நீங்கள் செய்யக்கூடியது, பெரிய பம்ப்பைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் போடுவது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறையுங்கள். இடையில் கிணறு ஊறட்டும். அந்தத் தண்ணீரைக் குடிப்பதானால் நைட்ரேட்டையும் சோதியுங்கள். உரமும் மலக்குழியும் இதே வெடிப்புகளில்தான் இறங்குகின்றன, கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

துளைக்கு முன் இடத்தை வந்து பார்ப்பது யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் சோதிக்கும் அலுவலகம் விவசாய அலுவலகத்தைக் காட்டும், அது பிரதேச சபையைக் காட்டும். கடிதம் சுற்றி முடிவதற்குள் துளை போடுபவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.