வகுப்பறையில் ஆன்லைன் சர்வே: கணக்கு ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வணக்கம் மேடம். ஒன்பதாம் வகுப்புக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். புத்தகத்து எண்களில் பிள்ளைகளுக்கு ஒட்டுதலே இல்லை. ஆன்லைனில் ஒரு சர்வே வைக்கலாம் என்றிருக்கிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" இந்த ஒரு கேள்வி போதும். எண் மட்டும்தான் எழுதலாம் என்ற கட்டுப்பாட்டை முதல் தடவை போடாதீர்கள். வந்து விழுவது இப்படி இருக்கும்: 7, ஏழு, 7 மணி, 6-7, பத்திலிருந்து அஞ்சு வரை, 75, தூங்கவே இல்லை.

இதை அப்படியே பலகையில் எழுதி, "சராசரி கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். 6-7 என்பதை 6.5 ஆக்கலாமா? 75 என்றால் புள்ளி விட்டுப்போன 7.5-ஆ, விளையாட்டா? "தூங்கவே இல்லை" என்பதைப் பூஜ்யமாக எடுப்பதா, தள்ளுவதா? ஒவ்வொரு முடிவுக்கும் அவர்களே காரணம் எழுத வேண்டும். பிறகு 75-ஐ வைத்து ஒரு முறை, நீக்கி ஒரு முறை கணக்குப் போடச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஏழு மணி நேரத்தை ஒட்டித் தூங்கியிருந்தால், 30 பேர் வகுப்பில் அந்த ஒரு பதிலே சராசரியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கிவிடும். எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு ஏறக்குறைய அசையாது. அது எதற்கு என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும்: ஆன்லைன் சர்வே ஃபார்ம் தானாகப் போட்டுத் தரும் படத்தை வகுப்பில் காட்டாதீர்கள். எந்தப் பதில் எத்தனை முறை வந்தது என்ற நிகழ்வெண் பட்டியலும் படமும் பிள்ளைகள் கையால் வரட்டும்.

கேள்வி: எந்த ஆப் நல்லது?

பதில்: கூகுள் ஃபார்ம்ஸ் போதும். பதில்களை எக்செல் தாளாக எடுக்க முடிகிற எதுவும் சரி.

கேள்வி: தினமும் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். 40 பேரில் 26 பேர்தான் நிரப்பினார்கள். அதை வைத்தே முடிவு சொல்லலாமா?

பதில்: அந்த 26 பேரைப் பற்றிச் சொல்லலாம், வகுப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. போன் இல்லாதவர்களும் குறைவாகப் பார்ப்பவர்களும்தான் ஆன்லைன் ஃபார்மை நிரப்பாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்கள் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தல் கதையைச் சொல்லுங்கள். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். 48 மாநிலங்களில் 46-ஐ வென்றவர் ரூஸ்வெல்ட். முகவரிகளை எடுத்தது பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் கார் பதிவுப் பட்டியல்களிலிருந்தும்; அந்தப் பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வசதியானவர்களிடம்தான் இருந்தன. சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்களின் மனமும் வேறாக இருந்தது. நிரப்பாத 14 பேரிடம் தாளில் எழுதி வாங்குங்கள். இரண்டு சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எடை, மதிப்பெண், வீட்டு வருமானம் கேட்கலாமா? பெயர் கேட்கப்போவதில்லை.

பதில்: வேண்டாம். பெயர் இல்லாவிட்டாலும் சின்ன வகுப்பில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மின்னஞ்சலைச் சேகரிக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் நல்லதா, கூகுள் நல்லதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: "கணக்குப் பாடம் பிடிக்குமா?" என்று 1 முதல் 5 வரை கேட்டதில் சராசரி 3 வந்தது. சுமாராகப் பிடிக்கிறது என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 20 பேரும் 3 போட்டாலும் சராசரி 3. பத்துப் பேர் 1, பத்துப் பேர் 5 போட்டாலும் 3. பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 போட்ட வகுப்பில் சுமாராகப் பிடித்தவர் ஒருவர்கூட இல்லை. பட்டை விளக்கப்படம் வரையுங்கள்.

மறுப்பு: இது அநியாயம் மேடம். இந்த 1 முதல் 5 அளவுகோலைக் கொண்டுவந்த லிக்கர்ட்டே 1932-இல் மதிப்பெண்களைக் கூட்டித்தானே பார்த்தார்? எல்லோரும் சராசரி எடுக்கிறார்கள்.

பதில்: அவர் கூட்டியது ஒரே விஷயத்தைப் பல விதமாகக் கேட்ட பல கேள்விகளின் மதிப்பெண்களை. இங்கே இருப்பது ஒற்றைக் கேள்வி. 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் 4-க்கும் 5-க்கும் உள்ள தூரமும் ஒன்றுதானா என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

மறுப்பு: அப்படிப் பார்த்தால் தேர்வு மதிப்பெண்ணுக்கும் சராசரி எடுக்கக் கூடாதே?

பதில்: நல்ல கேள்வி, பிடித்திருக்கிறது. மதிப்பெண்ணிலும் அந்தச் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது. வரிசை அளவுக்கும் (எது முன், எது பின் என்று மட்டும் சொல்வது) சம இடைவெளி அளவுக்கும் (படிகளுக்கு இடையே தூரமும் சமம்) உள்ள வேறுபாட்டை உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946-இல் வகுத்துக் காட்டியதிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. சராசரி எடுப்பவர்களோடு எனக்குப் பகை கிடையாது. பரவலைக் காட்டாமல் சராசரியை மட்டும் காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். நீங்கள் கேட்டதை வகுப்பிலேயே பட்டிமன்றமாக வையுங்கள். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கம் தானாக உள்ளே வரும்.

கேள்வி: பிடித்த விளையாட்டுகளை எல்லாம் டிக் செய்யச் சொன்னேன். சதவீதங்களைக் கூட்டினால் 180 வருகிறது!

பதில்: ஒருவரே பலவற்றை டிக் செய்தால் அப்படித்தான் வரும். வட்ட விளக்கப்படம் போடாதீர்கள், பட்டை போடுங்கள். ஃபார்ம் போட்டுத் தரும் பட்டை இல்லை, பிள்ளைகள் வரைவது.

கேள்வி: இலவசமாக எந்த ஆப்...

பதில்: ஐயா, முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.

கேள்வி: எத்தனை பேரிடம் கேட்டால் பள்ளி முழுவதற்கும் பொருந்தும்?

பதில்: குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், பிழை எல்லை (கிடைத்த சதவீதம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது) தோராயமாக 1-ஐ n-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது; n என்பது கேட்ட ஆட்களின் எண்ணிக்கை. 25 பேர் என்றால் 20 சதவீதம், 100 பேர் என்றால் 10, 400 பேர் என்றால் 5. பிழை பாதியாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஆட்கள். ஆனால் லிங்க்கைக் குழுவில் போட்டு, விருப்பமுள்ளவர்கள் நிரப்பியது என்றால் இந்தச் சூத்திரம் செல்லாது, 1000 பேர் நிரப்பியிருந்தாலும்.